‘நமக்கெல்லாம் இது வருமா?’ என்ற குரலோடு எழுதி முடிப்பது: முழுமையான வழிகாட்டி

நாவல் எழுத உட்காருகிறவர்கள் கதை தீர்ந்துபோய் நிறுத்துவது குறைவு. முப்பது நாற்பது பக்கம் வந்திருக்கும். ஒரு நாள் ராத்திரி முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் படிப்பார்கள். ‘இதெல்லாம் ஒரு எழுத்தா?’ என்று தோன்றும். மறுநாள் வேலை அதிகம், அதற்கு அடுத்த நாள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்படியே அந்தக் கோப்பு கணினியில் கிடந்துவிடும்.

வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் முதல் கதையையோ முதல் நாவலையோ எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த துறை எழுத்து என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன. பாட்டு கற்பவர்கள், படம் வரைபவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், நாற்பது வயதில் மறுபடியும் பரீட்சைக்குப் படிப்பவர்கள் எல்லோரும் தங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தேகத்தை ஒழித்துக்கட்டும் வழி எதுவும் இதில் கிடையாது. ‘தன்னம்பிக்கை வந்ததும் எழுதுகிறேன்’ என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சந்தேகத்துக்கு ஒரு நேரமும் ஒரு வேலையும் ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தில் எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

கம்பர் செய்து காட்டியது

இந்த முறை நமக்குப் புதிதல்ல. பழைய காப்பியங்களின் தொடக்கத்தில் அவையடக்கம் என்று ஒரு பகுதி வரும். கம்பர் அதில் தன்னை ஒரு பூனையாகச் சொல்லிக்கொள்கிறார். பாற்கடலைக் கண்ட பூனை அது முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போனதைப் போல, நானும் ஆசையினால் இராமன் கதையைச் சொல்ல வந்துவிட்டேன் என்கிறார். உலகம் என்னை இகழும், எனக்குப் பழி வரும் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறார். அப்படியிருந்தும் ஏன் சொல்கிறேன் என்றால், முன்னோர் பாடிய தெய்வத்தன்மை வாய்ந்த கவிதையின் பெருமையை எடுத்துக்காட்டவே என்று ஒரு காரணத்தையும் வைக்கிறார்.

அது புலவர்கள் வழக்கமாகப் பின்பற்றிய மரபு, சம்பிரதாயப் பணிவு என்று சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். பயம் என்ன என்று பெயர் சொல்லியாகிவிட்டது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் எழுத என்ன காரணம் என்று ஒரே வரியில் சொல்லியாகிவிட்டது. அதெல்லாம் சில பாடல்களிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வருகின்றன. பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி ‘இது தேறுமா?’ என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நீங்களும் உங்கள் அவையடக்கத்தை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். மேல் பாதியில் இந்தக் கதையை எழுதுவது பற்றி உங்களுக்கு இருக்கும் பயங்கள், கீழ்ப் பாதியில் அப்படியும் ஏன் எழுத வேண்டும் என்பதற்கான காரணம். காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ‘எங்கள் தெருவில் இருந்த தறிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, பார்த்தவர்களில் எழுதத் தெரிந்தவன் நான்தான்’ என்றால் அதுவே தாராளம்.

குரல் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

மனசுக்குள் இருக்கும்வரை சந்தேகம் ஒரு மொத்தையான கனமாகத்தான் தெரியும். அதன் வாக்கியங்களை ஒரு வாரம் பிடித்து எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம், உள்ளே கேட்கிற வார்த்தைகளிலேயே எழுதுங்கள்: ‘உனக்குத் தமிழே சரியா வராது.’ ‘இதை யாரு படிப்பா?’ ‘இதெல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சு.’ ‘இந்த வயசுல தேவையா?’ ‘பேச்சு எல்லாம் நாடகம் மாதிரி இருக்கு.’

வாரக் கடைசியில் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சில உங்கள் எழுத்தைப் பற்றியவை, சில உங்களைப் பற்றியவை, சில மற்றவர்களைப் பற்றியவை. மேலே இருக்கும் ஐந்தில் ‘பேச்சு நாடகம் மாதிரி இருக்கு’ என்பது மட்டும் எழுத்தைப் பற்றியது. அதை மட்டும்தான் உங்களால் சரிசெய்ய முடியும். ‘யாரு படிப்பா’ என்பதற்கு எழுதி முடிப்பதற்கு முன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘உனக்கு வராது’ என்பதில் தகவலே இல்லை. எது வராது, எந்த இடத்தில் வரவில்லை என்று அது சொல்வதில்லை.

எழுத்தைப் பற்றிய சந்தேகத்தைக் கேள்வியாக மாற்றுவது

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். இந்த முறையில் பலன் தருவது இதுதான்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைப் பற்றி நீங்கள் ஒரு கதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘உயிரே இல்லை’ என்று குரல் சொல்கிறது. மொத்தக் கதையையும் தூக்கிப் போடத் தோன்றும். அதைச் செய்யாமல், ‘எந்த வரியில் இல்லை?’ என்று கேளுங்கள். தேடினால் இப்படி ஒரு இடம் அகப்படும்:

‘அப்பாவுக்கு அன்று மனசு சரியில்லை. மிகுந்த வேதனையோடு உட்கார்ந்திருந்தார்.’

அடுத்த கேள்வி: ‘அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?’ உங்களுக்குத் தெரியும். எழுதத்தான் இல்லை. இப்போது எழுதுகிறீர்கள்:

‘அப்பா சட்டைப் பையில் இருந்த சில்லறையைக் கட்டிலில் கொட்டினார். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் என்று தனித்தனியாக அடுக்கினார். எண்ணி முடித்ததும் மணியைப் பார்த்தார். கலெக்‌ஷன் கட்டப் போவதற்கு இனி டிப்போ இல்லை.’

‘வேதனை’ என்ற சொல் போய்விட்டது, ஆள் வந்துவிட்டார். குரல் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியில் உண்மையிலேயே உயிர் இல்லை. ஆனால் இரண்டு வரியின் குறையை அது கதை முழுவதற்கும், பிறகு உங்களுக்கும் ஏற்றிச் சொன்னது. ‘எந்த வரி?’ என்ற கேள்வி அதைத் திரும்ப இரண்டு வரிக்கே கொண்டுவந்து விடுகிறது.

மற்ற புகார்களையும் இப்படியே மாற்றலாம். ‘ஏற்கெனவே எழுதியாச்சு’ என்றால், ‘எந்தக் கதை? அதில் இல்லாத எதை நான் பார்த்திருக்கிறேன்?’ ‘நடை மோசம்’ என்றால், ‘சத்தமாகப் படிக்கும்போது எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது?’ அப்படிக் கேட்டும் குரலால் இடத்தைக் காட்ட முடியவில்லை என்றால் அதை அன்றைக்கு அந்த அளவோடு விட்டுவிடலாம்.

கண் கூர்மையாகும்போது சந்தேகமும் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுகளில் கடைசிக் கால் பகுதியில் வந்தவர்கள் தங்களை ரொம்பவே உயர்த்தி மதிப்பிட்டுக்கொண்டார்கள். முதல் கால் பகுதியில் வந்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதன் கணக்கு முறை பற்றி வாதங்கள் இன்னும் நடக்கின்றன. எழுத்தில் பார்த்தவரைக்கும் எனக்கு அது பொருந்துகிறது. போன வருஷம் கண்ணில் படாத தப்பு இந்த வருஷம் படுகிறது என்றால், இடையில் நீங்கள் படித்ததும் எழுதியதும் வேலை செய்திருக்கிறது.

இது யாருடைய குரல்?

நம் ஊரில் இதைக் கேட்காமல் மேலே போக முடியாது. ‘உனக்குத் தமிழே சரியா வராது’ என்ற வாக்கியம் எங்கே முதலில் கேட்டது என்று யோசித்துப் பாருங்கள். கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் சுழித்த ஆசிரியரா? உங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்த ஹாஸ்டல் நண்பர்களா? ‘நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று சொன்ன பெரியவரா? சாதி, ஊர், படித்த மீடியம், பெண் என்பது, இவற்றையெல்லாம் வைத்து மற்றவர்கள் சொன்ன வார்த்தைகள் காலப்போக்கில் நம் சொந்தக் குரலில் கேட்க ஆரம்பிக்கின்றன.

சாதித்த பிறகும் ‘நான் தகுதி இல்லாதவள், என்றைக்காவது மாட்டிக்கொள்வேன்’ என்று நினைக்கும் போக்கை 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் இருவரும் எழுதினார்கள். 150க்கும் மேற்பட்ட வெற்றிபெற்ற பெண்களிடம் கண்டதை வைத்து எழுதியது அது. அப்படி நினைக்கிற பெண்ணை மட்டும் திருத்தப் பார்க்கிறோம், அவளை அப்படி நினைக்க வைத்த இடங்களை விட்டுவிடுகிறோம் என்ற விமர்சனம் பிற்பாடு வந்தது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பேச்சு வழக்கில் தயக்கம் உள்ளவர்கள் கி. ராஜநாராயணனை நினைத்துக்கொள்ளுங்கள். இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், கல்லூரிப் படிப்பு இல்லாதவர். முப்பது வயதைத் தாண்டித்தான் அவர் கதைகள் அச்சில் வந்தன. கரிசல்காட்டு ஜனங்கள் பேசுகிற மொழியிலேயே எழுதினார். அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதி ஒன்றும் தொகுத்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்து வைத்துக்கொண்டது. எந்தப் பேச்சை மறைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதோ, உங்கள் கதைக்கு வேண்டிய சரக்கு அதிலேயே இருக்கக்கூடும்.

எழுதும் நேரம் வேறு, தீர்ப்புச் சொல்லும் நேரம் வேறு

முதல் வரைவு முடியும்வரை பின்னால் திரும்பிப் படிக்காதீர்கள். நேற்று எங்கே விட்டோம் என்று தெரிய கடைசிப் பத்தி மட்டும் போதும். பெயர் மறந்துவிட்டதா, ஏதாவது ஒரு பெயர் போட்டு மேலே போங்கள். தகவல் வேண்டுமா, ‘இங்கே பார்க்கணும்’ என்று எழுதிவிட்டு நகருங்கள். கூகுளைத் திறந்தால் அன்றைய பொழுது போய்விடும்.

அளவைச் சின்னதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 200 சொற்கள், வாரத்தில் 5 நாள், வருஷத்தில் 50 வாரம் என்றால் 50,000 சொற்கள். ஒரு நல்ல நாவலுக்கு அது போதுமான அளவு. ‘தினமும் ரெண்டு மணி நேரம்’ என்று ஆரம்பிப்பவர்கள் ஒரு நாள் தவறினாலே, குரலுக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்துவிடுகிறது: ‘பாத்தியா, உன்னால முடியாதுன்னு சொன்னேன்ல.’ தவற முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தால் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு அதில் அந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். அந்தத் தாளை ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அது சந்தேகத்துக்கான நேரம். இரண்டாம் வரைவுக்கு வரும்போது உள்ளே சந்தேகப்படுகிற அதே ஆள்தான் உங்களுக்கு மிகவும் உதவப் போகிறார். எங்கே இழுக்கிறது, எங்கே பொய்யாக இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பவர் அவர்தான். முதல் வரைவில் அவரை உள்ளே விடாமல் இருந்தால் போதும்.

வேலைக் குறிப்பு

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்ற தன் புகழ்பெற்ற நாவலைச் சில மாதங்களில் எழுதி முடித்தார். அந்த நாட்களில் தினசரி ஒரு குறிப்பும் எழுதிவந்தார். இன்று எவ்வளவு எழுதினேன், யார் வந்து வேலையைக் கெடுத்தார்கள் என்ற விவரங்களோடு, ‘நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்ற வகைப் புலம்பலும் அதில் இருக்கிறது. புலம்பிவிட்டு அன்றைய பக்கத்தை எழுதப் போனார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாவல் 1939இல் வெளிவந்தது, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது.

உங்கள் குறிப்புக்கு நாலு விஷயம் போதும்: தேதி, எத்தனை சொல், மனநிலை எப்படி, நாளைக்கு எந்த இடத்திலிருந்து. மனநிலையை நேர்மையாக எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அதைக் கதையோடு வைத்துப் பாருங்கள். ‘இன்று எல்லாம் குப்பை’ என்று எழுதிய நாளின் பத்தியும் ‘இன்று பிரமாதம்’ என்று எழுதிய நாளின் பத்தியும் தரத்தில் பெரிதாக வேறுபடாது. எழுதும்போது இருக்கும் மனநிலையை வைத்து எழுத்தை எடைபோட முடியாது என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி கிடைத்துவிடும்.

வீட்டில் என்ன சொல்வது

‘இதுல என்ன வருமானம் வரும்?’ என்று கேட்பார்கள். எழுத்தின் மகத்துவத்தை விளக்கப் போகாதீர்கள். உங்களுக்கே தயக்கம் இருக்கும் நாட்களில் அந்த வாதத்தில் ஜெயிக்க முடியாது. பாராட்டையோ புரிதலையோ கேட்காமல் நேரத்தை மட்டும் கேளுங்கள்: ‘ராத்திரி ஒன்பதரையிலிருந்து பத்து மணிவரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க.’ கொடுப்பதும் சுலபம், கேட்பதும் சுலபம்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் முடித்து, அதற்கு மேல் மிஞ்சியதுதான் தனக்கு என்று ஆகிவிடுகிறது. மிஞ்சிய நேரத்தில் களைப்போடு எழுதிவிட்டு, ‘எனக்குத் திறமை இல்லை’ என்று முடிவு கட்டுவது அநியாயம். அங்கே குறைந்தது தூக்கம். வாரத்தில் இரண்டு ராத்திரி அடுக்களையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்பது எழுத்து வேலையின் ஒரு பகுதிதான்.

யாரிடம் முதலில் காட்டுவது

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ‘சூப்பர்’ என்று கட்டைவிரல்கள் வரும், உபயோகமான குறையை யாரும் சொல்லமாட்டார்கள். ஒருவரும் பதில் போடாமல் விட்டால் அந்த மௌனம் பல நாள் உறுத்தும். நிறையக் கதை படிக்கிற, உங்களிடம் அன்பும் நேர்மையும் உள்ள ஒருவர் போதும். முதல் வரைவைக் காட்ட வேண்டாம், இரண்டாவதைக் கொடுங்கள்.

‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ‘எந்த இடத்துல போர் அடிச்சுது? எங்க புரியல? மறுநாள் எது ஞாபகத்துல இருந்துச்சு?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘அது ஏன்னா…’ என்று விளக்க ஆரம்பித்தால் அவர் நிறுத்திவிடுவார். சொன்னதை எழுதிக்கொண்டு இரண்டு நாள் ஆறப்போட்டுப் பாருங்கள். குறை எங்கே இருக்கிறது என்பதில் வாசகர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படித் திருத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அனுப்பிய பிறகு

இதழுக்கு அனுப்பினால் பல சமயம் பதிலே வராது. கதை மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. சில பேர் சேர்ந்து, சொந்த வேலைக்கு நடுவில் நடத்துகிற இதழ்கள் நிறைய இருக்கின்றன. எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு பட்டியல் வையுங்கள். அந்த இதழ் சொல்லியிருக்கும் காலக்கெடு முடிந்ததும் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். முக்கியமாக, ஒரு கதையை அனுப்பும் முன் அடுத்த கதையின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள். கையில் வேலை இருக்கும்போது தபாலைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தோன்றாது.

அந்தக் காத்திருப்பு நாட்களில், உங்களுக்குப் பின்னால் எழுத வந்தவரின் மூன்றாவது புத்தக வெளியீட்டுப் படம் ஃபேஸ்புக்கில் வரும். அவர் தூக்கிப் போட்ட வரைவுகள் அதில் தெரியாது. அன்றைக்கு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் உங்களுடைய ஒரு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

இது சந்தேகம்தானா?

எழுத்தில் மட்டும் இல்லாமல் எதிலுமே பிடிப்பு இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, ‘நான் எதுக்குமே லாயக்கில்லை’ என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. இந்தியாவில் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இலங்கையில் 1926. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

விடுவதா, தொடர்வதா

சில சமயம் சந்தேகம் சொல்வது சரியாகவே இருக்கும். நாவலாக ஆரம்பித்தது உண்மையில் ஒரு சிறுகதைக்கான விஷயமாக இருக்கலாம். நீங்கள் நினைத்த கதை உங்களுக்கே இப்போது பிடிக்காமல் போயிருக்கலாம். விட்டுவிடுவது தவறே இல்லை. எப்போது முடிவெடுப்பது என்பதில் மட்டும் ஒழுங்கு வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் முடிவெடுக்காதீர்கள். மறுப்பு வந்த அன்று எடுக்காதீர்கள். அடுத்தவர் புத்தகம் வெளிவந்த அன்றும் எடுக்காதீர்கள். முதல் வரைவு முடிந்து, அதை ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து, அச்செடுத்து ஒரே மூச்சில் படித்த பிறகு எடுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் எதைக் காப்பாற்றலாம் என்று பார்த்து அந்தப் பக்கங்களைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள்.

தொடர்வதாக முடிவு செய்தால், முடிந்த பிறகும் குரல் நிற்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். நீங்கள் இதற்குத் தகுதியானவர்தானா என்று ஒரு நிருபர் கேட்டார். உண்மையைச் சொன்னால் இல்லை என்றார் அவர். ஆகவே முதல் கதை வெளிவந்ததும் குரல் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அந்த அவையடக்கப் பக்கத்தையும் வேலைக் குறிப்பையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். இரண்டாவது நாவல் நாற்பதாவது பக்கத்தில் நிற்கும்போது தேவைப்படும்.